வாசலில் போட்ட கையெழுத்தை எப்படித் திரும்ப எடுப்பது?

வீட்டு வாசலுக்கு வந்து விற்றவரின் ஆர்டர் ஃபார்மில் கையெழுத்துப் போட்டுவிட்டு, இப்போது வேண்டாம் என்று தோன்றுகிறதா? அந்தக் காகிதத்தை எடுத்து மேசைமேல் வையுங்கள். பெரும்பாலும் அது பிங்க் நிறக் கார்பன் நகல். ஒரிஜினல் அவர்கள் பையில் போயிருக்கும். மேலே கம்பெனி பெயர் பெரிய எழுத்தில், அதன் கீழே ஒரு மொபைல் எண். நடுவில் பேனாவால் 'ஜன்னல் 6, கொசுவலை 4' என்றோ, 'மொட்டை மாடி 600 ச.அடி தோராயமாக' என்றோ ஒரு கிறுக்கல். மொத்தத் தொகை, கொடுத்த அட்வான்ஸ். பின்பக்கம் எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்தில் நிபந்தனைகள். வந்தவர் அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டியிருக்கவே மாட்டார். உங்கள் நகலில் பின்பக்கம் வெறுமையாக இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்களிடம் கொடுக்காத நிபந்தனையை வைத்து உங்களை மடக்குவது அவர்களுக்குக் கஷ்டம். இரண்டு பக்கத்தையும் இப்போதே போட்டோ எடுத்து வீட்டில் இன்னொருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். தேதி, நேரத்தோடு பதிவாகிவிடும்.

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, பெரம்பூர், கொளத்தூர் பக்கம் வாசலுக்கு வரும் வீட்டு வேலை வியாபாரம் ஏழெட்டு வகைதான். யுபிவிசி ஜன்னல், கொசுவலைக் கதவு, மொட்டை மாடி வாட்டர் ப்ரூஃபிங், மாடுலர் கிச்சன், தண்ணீர் சுத்திகரிப்பு மெஷின், கரையான் மருந்து, இப்போது சோலார். சொல்லும் வசனமும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்: "உங்க தெருவுல மூணு வீட்டுக்குப் போடுறோம் அக்கா, வண்டி இங்கதான் நிக்குது, இன்னிக்கு புக் பண்ணா இந்த ரேட்." இன்றைக்கு மட்டும் என்று யாராவது சொன்னாலே கையைப் பேனாவிலிருந்து எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் போட்டுவிட்டவர்களுக்குத்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைக் கழித்துவிடலாம். பிரிட்டனில் வீட்டு வாசலில் போட்ட ஒப்பந்தத்தைப் பொதுவாக 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் ரத்து செய்யலாம். அமெரிக்காவில் 3 வேலை நாள். யூடியூபில் இதைப் பார்த்துவிட்டு "எனக்கு 14 நாள் டைம் இருக்கு" என்று நம் ஊரில் சும்மா உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. இந்தியாவில் வாசல் விற்பனை எல்லாவற்றுக்கும் பொருந்துகிற மாதிரி அப்படி ஒரு சட்டம் கிடையாது. 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகள் உண்டு. அவை ஆள் சேர்த்து நெட்வொர்க்காக விற்கிறவர்களுக்கு. அடையாள அட்டை இல்லாமலும், முன்கூட்டி நேரம் வாங்காமலும் அவர்கள் வீட்டுக்கு வரக்கூடாது. விலை, ரீஃபண்ட் விதி, கம்பெனி முகவரி எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். உங்களுக்கு விற்றவர் அந்த வகை என்றால் ரத்துக் கடிதத்தில் இதை ஒரு வரி சேர்க்கலாம். சம்பளத்துக்கு வேலை செய்யும் சேல்ஸ் பையன் என்றால் இது பொருந்துவது சந்தேகம்.

'மனசு மாறிடுச்சு' என்பதற்கென்று தனி உரிமை இல்லாததால் மற்ற வழிகளில்தான் போக வேண்டும். வழி எதுவானாலும் ஒரே கேள்விதான் பணத்தைத் தீர்மானிக்கும்: உங்கள் ரத்து அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தபோது உங்கள் பெயரில், உங்கள் அளவுக்கு ஏதாவது பொருள் வெட்டப்பட்டிருந்ததா? வெட்டுவதற்கு முன் எழுத்தில் சொல்லிவிட்டால் அட்வான்ஸில் பெரும்பகுதியாவது திரும்ப வர வாய்ப்பு நன்றாக இருக்கிறது. வெட்டிய பிறகு என்றால் பேரம்தான். அதனால் கையெழுத்துப் போட்ட அன்று இரவே மனம் உறுத்தினால் அன்று இரவே எழுதுங்கள். ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம்.

பின்பக்கத்துப் பொடி எழுத்தில் முதலில் தேட வேண்டிய வரி, 'இந்த ஆர்டர் கம்பெனியின் ஒப்புதலுக்கு உட்பட்டது' என்பது. தங்களைக் காத்துக்கொள்ள அவர்கள் போட்ட வரி அது. உங்களுக்கு அதுதான் கதவு. ஒப்புதல் இன்னும் வரவில்லை என்றால் நீங்கள் கொடுத்தது ஒரு முன்மொழிவு மட்டுமே. 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி, ஏற்புத் தகவலை அவர்கள் அனுப்பி வைக்கும் முன்பு முன்மொழிவைத் திரும்பப் பெறலாம். 'ஆர்டர் கன்ஃபர்ம்டு' என்ற எஸ்எம்எஸ் அவர்கள் பக்கத்திலிருந்து கிளம்பும் முன் உங்கள் ரத்து போய்ச் சேர வேண்டும் என்பதுதான் இதன் நடைமுறை அர்த்தம். அட்வான்ஸை வாங்கிக்கொண்டதே ஏற்பு என்று அவர்கள் வாதாடலாம். ஆனாலும் தங்கள் ஃபார்மில் தாங்களே அச்சடித்த வரியைத் தாண்டிப் போக வேண்டியது அவர்கள் பாடு.

அடுத்தது, வாசலில் சொன்ன பொய். அதே ஒப்பந்தச் சட்டத்தின் 17, 18ஆம் பிரிவுகள் மோசடியையும் தவறான கூற்றையும் சொல்கின்றன. 19ஆம் பிரிவு, அப்படிச் சம்மதம் வாங்கிய ஒப்பந்தத்தை ஏமாந்தவர் ரத்து செய்யலாம் என்கிறது. என்ன பொய் என்று உங்களால் குறிப்பாகச் சொல்ல முடிய வேண்டும். வட சென்னையில் அடிக்கடி நடக்கும் இரண்டு 'டெமோ'வைப் பார்த்தால் இது புரியும்.

ஒன்று, ஈரம் காட்டும் மீட்டர். இரண்டு ஊசி முனை உள்ள சின்னக் கருவி. சுவரில் குத்தியதும் சிவப்பு லைட் எரிந்து எண் எகிறும். "பாருங்க சார், சுவர் ஃபுல்லா தண்ணி." அந்த ஊசிகள் அளப்பது தண்ணீரை இல்லை, இரண்டு முனைக்கு நடுவே மின்சாரம் எவ்வளவு எளிதாகப் போகிறது என்பதை. காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் கடல் காற்று படும் சுவரிலும், உப்புத் தண்ணீரில் பூசிய பழைய சுவரிலும் உப்பு பூத்திருக்கும். உப்பு இருந்தால் கிட்டத்தட்ட காய்ந்த சுவரிலும் மீட்டர் எகிறும். உண்மையைப் பார்க்க ஒரு அடிக்கு ஒரு அடி கனமான பாலிதீன் ஷீட்டைச் சுவரில் வைத்து நாலு ஓரத்தையும் டேப்பால் இறுக்கி ஒட்டி, ஒன்றிரண்டு நாள் விடுங்கள். ஷீட்டின் உள்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம், முத்து முத்தாகத் தண்ணீர் நின்றால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் வேர்த்தால் அது அறைக் காற்றின் ஈரம். அதற்கு ஜன்னலைத் திறந்தால் போதும், நாற்பதாயிரம் ரூபாய்க் கோட்டிங் தேவையில்லை.

இன்னொன்று, தண்ணீர் டெஸ்ட். உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர் ஒரு டம்ளர், அவர்கள் மெஷின் தண்ணீர் ஒரு டம்ளர். இரண்டிலும் கம்பிகள் நீட்டிய கருவியை வைத்து சுவிட்ச் போடுவார்கள். உங்கள் டம்ளர் ஒரு நிமிடத்தில் செம்மண் குழம்பாகிவிடும். அவர்களுடையது தெளிவாகவே நிற்கும். அந்தக் குழம்பு தண்ணீரிலிருந்து வந்ததில்லை. மின்சாரம் பாய்ந்ததில் இரும்புக் கம்பி கரைந்து துருவாக இறங்கியது. மெஷின் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் மின்சாரம் பாய்வதில்லை, கம்பி கரைவதில்லை, அவ்வளவுதான். அந்தத் தெளிவான டம்ளரில் ஒரு சிட்டிகைச் சமையல் உப்பைப் போட்டு மறுபடி சுவிட்ச் போடச் சொல்லுங்கள். அதுவும் குழம்பாகும். நம் பக்கத்து போர் தண்ணீரில் உப்பு அதிகம்தான், மெஷின் தேவைப்படலாம். ஆனால் இந்த டெமோவைக் காட்டி "விஷத் தண்ணி குடிக்கிறீங்க" என்று சொல்லி வாங்கிய கையெழுத்து தவறான கூற்றால் வாங்கியது.

சோலாரில் பொய் வேறு மாதிரி வரும். "கவர்ன்மென்ட்ல இருந்து வர்றோம்" என்பார்கள். பிஎம் சூர்ய கர் திட்டத்தில் மானியம் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய். அமைப்பு போட்டு முடித்து இயங்கத் தொடங்கிய பிறகு வீட்டுக்காரர் வங்கிக் கணக்குக்கே அது வரும். வேலை செய்பவர் பதிவு பெற்ற தனியார் விற்பனையாளர். அரசு ஆள் வீடு வீடாக அட்வான்ஸ் வசூலிப்பதில்லை.

வாயால் சொன்னதை எப்படி நிரூபிப்பது? அவர்களையே எழுத வைப்பதுதான் சுலபம். வந்து போன அன்றே வாட்ஸ்அப்பில் தன்மையாக ஒரு செய்தி: 'இன்று காலை சுவரில் மீட்டர் வைத்துக் காட்டி, மாடியிலிருந்து தண்ணீர் இறங்குகிறது என்று சொன்னீர்கள், 10 வருட கேரண்டி என்றீர்கள். கேரண்டி எழுத்தில் கிடைக்குமா?' பதிலுக்கு 'எஸ் சார், கண்டிப்பா' என்று வந்தால் போதும். அந்தச் சாட்டை அழிக்காதீர்கள், போன் மாற்றினாலும் பழைய போனைப் பத்திரமாக வையுங்கள். 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணுச் சான்றோடு ஒரு சான்றிதழும் இணைக்க வேண்டியிருக்கும். அப்போது மூலப் போன் கையில் இருப்பது நல்லது.

பொய் எதுவும் இல்லை, வெறுமனே வேண்டாம் என்று தோன்றிவிட்டது. அப்போது? ஒப்பந்தத்தை மீறுவது நீங்கள்தான். ஆனாலும் 'அட்வான்ஸ் திருப்பித் தரப்படமாட்டாது', 'ரத்து செய்தால் 50 சதவீதம் பிடித்தம்' என்று அச்சடித்துவிட்டதாலேயே அந்தத் தொகை அவர்களுக்குச் சொந்தமாகிவிடாது. ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவில் அந்தத் தொகை வெறும் உச்சவரம்பு. அதற்குள் நியாயமான இழப்பீடு மட்டுமே. கைலாஷ் நாத் அசோசியேட்ஸ் வழக்கில் 2015இல் உச்ச நீதிமன்றம், நஷ்டமே ஆகாத இடத்தில் முன்பணத்தைப் பறிமுதல் செய்ய முடியாது என்று சொல்லியிருக்கிறது. ஆகவே பேச்சு எப்போதும் 'உங்களுக்கு நிஜமாக என்ன நஷ்டம்?' என்ற இடத்துக்கே வர வேண்டும். இங்கேதான் பொருளைப் பற்றித் தெரிந்தவர்கள் ஜெயிக்கிறார்கள்.

யுபிவிசி ஜன்னலை எடுத்துக்கொள்வோம். ஃபிரேமுக்கான பிளாஸ்டிக் பட்டை (ப்ரொஃபைல்) நீள நீளமான பாராக வரும். அளவெடுத்த பிறகு 45 டிகிரியில் வெட்டி, மூலைகளைச் சூடாக்கி வெல்டு செய்கிறார்கள். வெல்டு ஆன ஃபிரேமைப் பிரிக்க முடியாது. உங்கள் ஜன்னல் அளவு வேறு வீட்டுக்கு அப்படியே பொருந்துவதும் அரிது. அது நிஜ நஷ்டம். கண்ணாடியில் சாதாரணக் கண்ணாடி என்றால் சின்ன அளவுக்கு வெட்டி வேறிடத்தில் போடலாம். டஃபன் செய்த, அதாவது சூடாக்கிக் கடினப்படுத்திய, கண்ணாடியை அதற்குப்பின் வெட்டவே முடியாது, வெட்டினால் மொத்தமும் பொடிப்பொடியாகிவிடும். அதனால் டஃபன் கண்ணாடி உங்கள் அளவுக்கு ஆர்டர் போய்விட்டது என்றால் அதற்கு அவர்கள் பணம் கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் பூட்டு, கைப்பிடி, ரோலர், கொசுவலை ரோல் இவையெல்லாம் நாளைக்கே அடுத்த வீட்டுக்குப் போகும். இவற்றில் நஷ்டம் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

மாடுலர் கிச்சனும் இதே கணக்குதான். உங்கள் அளவுக்கு வெட்டி எட்ஜ் பேண்ட் ஒட்டிய பலகை போனது போனதுதான். கீல், சேனல், கூடை, சிம்னி அப்படியே டப்பாவில் இருக்கும். வாட்டர் ப்ரூஃபிங்கில் சீல் உடைக்காத டிரம்முக்கு நஷ்டம் என்று ஒன்றே கிடையாது. ஆள் வந்து அளவெடுத்த கூலி, வண்டிச் செலவு என்று கேட்டால் அது சில நூறு ரூபாய் விஷயம். கொடுத்துத் தீர்ப்பது புத்திசாலித்தனம்.

அவர்கள் "மெட்டீரியல் கட்டிங் போயாச்சு மேடம்" என்று சொல்லும்போது நீங்கள் கேட்க வேண்டியவை மூன்று: உங்கள் பெயரும் அளவும் உள்ள கட்டிங் பட்டியல், கண்ணாடி அல்லது பலகை வாங்கிய பில், வெட்டிய பொருளின் போட்டோ, அதுவும் தேதி தெரிகிற மாதிரி. அளவெடுக்கவே ஆள் வராத வீட்டுக்குக் கட்டிங் போக முடியாது என்பதையும் சிரிக்காமல் ஞாபகப்படுத்துங்கள். சதுர அடிக்கு விலை பேசிய வேலையில், வாசலில் நின்றபடி அகலம் உயரம் குறித்துக்கொண்டு போவது அளவெடுப்பு ஆகாது. ஜன்னல் ஓட்டையை மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில் மில்லிமீட்டரில் அளக்காமல் எந்தப் பட்டறையும் பாரை வெட்டாது.

வாட்டர் ப்ரூஃபிங் ஆர்டரை ரத்து செய்யப் பலருக்குக் காரணமாக இருப்பது 'தோராயமாக' என்ற சொல். 20க்கு 30 மாடி என்றால் 600 சதுர அடி. வேலை நாளன்று கைப்பிடிச் சுவரின் உள்பக்கத்தையும் சேர்த்து அளப்பார்கள். சுற்றளவு 100 அடி, சுவர் உயரம் 3 அடி, இன்னொரு 300 சதுர அடி. சதுர அடி 65 ரூபாய் என்று பேசியிருந்தால் 39,000 என்று நினைத்தது 58,500 ஆகிவிடும். ஆர்டர் ஃபார்மில் கைப்பிடிச் சுவர் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்றால், நீங்கள் சம்மதித்தது 600 சதுர அடிக்குத்தான் என்பதையும் கடிதத்தில் எழுதுங்கள். மண்ணடி, ராயபுரம் பக்கத்துப் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் வேறொரு கவலை. மர உத்தரத்தின் மேல் செங்கல், சுண்ணாம்பு, தட்டு ஓடு போட்ட கூரை அது. ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டபடி வாழும். அதன் மேல் காற்று புகாத கோட்டிங் அடித்தால் உள்ளே சிக்கிய ஈரம் உத்தரத்தைத் தின்னும். கான்கிரீட்டுக்கான வேலையை மெட்ராஸ் டெரஸுக்கு எழுதியிருந்தால் ரத்து செய்ய அதுவே போதுமான காரணம்.

சரி, கடிதம். நீளமாக வேண்டாம், திட்டவும் வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

'ஆர்டர் எண் ___, நாள் ___. எங்கள் வீட்டு வாசலில் தங்கள் பிரதிநிதி எழுதிய மேற்படி ஆர்டரை இந்தக் கடிதத்தின் மூலம் ரத்து செய்கிறேன். இன்று வரை அளவெடுப்பு நடக்கவில்லை, பொருள் எதுவும் பெறவில்லை. எனக்காக எந்தப் பொருளையும் வாங்கவோ, வெட்டவோ, அனுப்பவோ வேண்டாம். இதற்குப் பின் தாங்கள் செய்யும் செலவுக்கு நான் பொறுப்பல்ல. யூபிஐ மூலம் ___ அன்று செலுத்திய அட்வான்ஸ் ரூ.___ ஐ 15 நாளுக்குள் அதே கணக்கில் திருப்பிச் செலுத்தவும். என் ஆர்டருக்காக ஏற்கெனவே செலவு ஆகியிருந்தால் பில், கட்டிங் பட்டியல், போட்டோவுடன் 7 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்கவும்.'

பொய் சொல்லி விற்றிருந்தால் அந்தப் பொய்யை ஒரே வாக்கியத்தில் நடுவில் சேருங்கள். 'வீட்டுல ஒத்துக்கல', 'இப்ப கொஞ்சம் டைட்டு' என்றெல்லாம் எழுதாதீர்கள். உடனே "இஎம்ஐல போட்டுக்கலாம்" என்று அடுத்த ஆள் வந்து நிற்பார். அதைவிட ஆபத்து 'தீபாவளிக்கு அப்புறம் பாத்துக்கலாம்' என்பது. அது ரத்து இல்லை. ஆர்டர் உயிரோடுதான் இருக்கிறது, அந்த இடைவெளியில் வெட்டினால் நஷ்டம் உங்கள் தலையில்.

இதை வாட்ஸ்அப்பில் விற்றவருக்கும் ஆபீஸ் எண்ணுக்கும் அனுப்புங்கள். மின்னஞ்சல் இருந்தால் அதற்கும். பிறகு தபாலில். 2025 செப்டம்பர் முதல் பதிவுத் தபால் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. கவுண்டரில் ஸ்பீடு போஸ்ட்டோடு ரிஜிஸ்ட்ரேஷனும் டெலிவரிச் சான்றும் வேண்டும் என்று கேட்டு வாங்க வேண்டும். சும்மா 'ஸ்பீடு போஸ்ட்' என்றால் அது மட்டும்தான் கிடைக்கும். முகவரியே ஃபார்மில் இல்லையா? ஜிஎஸ்டி எண் இருந்தால் ஜிஎஸ்டி தளத்தில் போட்டுப் பாருங்கள். எழுத்தும் எண்ணுமாக 15 இலக்கம், தமிழ்நாடு என்றால் 33இல் தொடங்கும், பதிவு செய்த வியாபார இடம் அங்கே வரும். அந்த முகவரிக்கு அனுப்பி, 'ஆள் இல்லை' என்று தபால் திரும்பி வந்தால் கவரைப் பிரிக்காமல் வைத்திருங்கள். ஜிஎஸ்டி எண்ணே போலி என்றால் இது ஒப்பந்தத் தகராறு அல்ல, மோசடி. பணம் ஆன்லைனில் போயிருந்தால் அன்றே சைபர் மோசடி உதவி எண் 1930க்குக் கூப்பிட வேண்டும்.

கொடுத்த பணத்தின் வடிவத்தைப் பொறுத்து அடுத்த வேலை. யூபிஐயில் போனது போனதுதான், தானாகத் திரும்பாது. கிரெடிட் கார்டு என்றால் வங்கியில் டிஸ்ப்யூட் போடலாம். ரத்துக் கடிதத்தை இணையுங்கள். பின்தேதியிட்ட செக் கொடுத்திருந்தால் முதலில் ரத்துக் கடிதம், அதற்குப் பிறகுதான் ஸ்டாப் பேமென்ட். வரிசை மாறக்கூடாது. ஸ்டாப் பேமென்ட் செய்தாலும் செக் பவுன்ஸுக்கான 138ஆம் பிரிவு வழக்கு வரலாம் என்று உச்ச நீதிமன்றம் 1998இலேயே சொல்லியிருக்கிறது. அதே நேரம், பொருள் வரும் முன்பே ஆர்டர் ரத்தாகிவிட்டால், அதற்கான முன்பணச் செக் பவுன்ஸ் ஆனது 138இன் கீழ் வராது என்று இண்டஸ் ஏர்வேஸ் வழக்கில் 2014இல் தீர்ப்பு. ரத்துக் கடிதத்தின் தேதி செக்கின் தேதிக்கு முந்தியிருப்பதன் அருமை அங்கே தெரியும். வக்கீல் நோட்டீஸ் வந்தால் 15 நாளுக்குள் பதில் போடுங்கள், பெட்டியில் போட்டு மூடாதீர்கள்.

இஎம்ஐதான் சிக்கலானது, ஏனென்றால் கடன் வேறு ஒப்பந்தம். வாசலில் டேப்லெட்டில் ஓடிபி கேட்டார்கள் என்றால் உங்கள் பெயரில் கடன் எடுத்தாயிற்று, பணம் கம்பெனிக்குப் போயிருக்கும். ரிசர்வ் வங்கி விதிப்படி டிஜிட்டல் கடனுக்கு ஒரு கூலிங்-ஆஃப் காலம் உண்டு. எத்தனை நாள் என்பதைக் கடன் கொடுக்கும் நிறுவனம் முடிவு செய்யும், ஆனால் ஒரு நாளுக்குக் குறையக்கூடாது. அதற்குள் வெளியேறினால் அசலும் அந்தச் சில நாள் வட்டியும், முன்பே சொல்லியிருந்தால் ஒரு நியாயமான ப்ராசஸிங் கட்டணமும்தான், அபராதம் கிடையாது. எத்தனை நாள் என்று கடனின் முக்கிய விவர அறிக்கையில் (Key Facts Statement) இருக்கும். உங்களுக்கு வந்த பிடிஎஃப்பில் அதைத் தேடுங்கள். இதில் அசலை நீங்கள் கட்டிவிட்டுக் கம்பெனியிடம் வாங்க வேண்டியிருக்கும் என்பது கசப்பான விஷயம். அதனால் கம்பெனிக்கும் கடன் நிறுவனத்துக்கும் ஒரே நாளில் எழுதி, 'ஆர்டர் ரத்து, பணம் கம்பெனியிடமிருந்து நேரடியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளவும்' என்று கேளுங்கள். பல இடங்களில் அப்படியே முடித்துவிடுகிறார்கள். கடனை மூடாமல் தவணையைத் தானாகப் பிடிக்க வங்கிக்குக் கொடுத்த மேண்டேட்டை மட்டும் நிறுத்துவது தப்பு: தவணை பாக்கி நிற்கும், சிபில் ஸ்கோர் இறங்கும். கடன் நிறுவனம் 30 நாளில் பதில் சொல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்பட்ஸ்மேன்) போகலாம், எண் 14448.

கடிதம் போய்ச் சேர்ந்ததும் போன்கள் வரும். "ஜிஎஸ்டி கட்டிட்டோம், அது திரும்ப வராது" என்பார்கள். சேவைக்கு முன்பணம் வாங்கினால் ரசீது வவுச்சர், வேலை நடக்காமல் போனால் ரீஃபண்ட் வவுச்சர் என்று ஜிஎஸ்டி சட்டத்திலேயே வழி இருக்கிறது. "சிஸ்டத்துல கேன்சல் ஆப்ஷனே இல்ல" என்பது அவர்கள் சிஸ்டத்தின் கவலை. "கிரெடிட் நோட் தர்றோம், வேற ஸ்கீமுக்கு மாத்திக்கலாம்" என்றால் வேண்டாம். "மேனேஜரே நேர்ல வந்து பேசுறாரு" என்றால், எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். வயதான அப்பா அம்மா பகலில் தனியாக இருக்கும் வீடு என்றால் இதை முதல் நாளே சொல்லி வையுங்கள், இரண்டாம் கையெழுத்து பெரும்பாலும் அவர்களிடம்தான் வாங்கப்படுகிறது. 18 வயது ஆகாத பையன் கையெழுத்துப் போட்டிருந்தால் அது ஒப்பந்தமே இல்லை. வாடகைக்கு இருப்பவர் போட்ட கையெழுத்து வீட்டு உரிமையாளரைக் கட்டாது.

சொல்லச் சொல்லக் கேட்காமல் வண்டியில் பொருளைக் கொண்டுவந்து இறக்கப் பார்ப்பார்கள். இறக்க விடாதீர்கள். டெலிவரி சலானில் கையெழுத்துக் கேட்டால் 'ஆர்டர் ___ தேதியில் ரத்து, பொருள் பெறவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அதைப் போட்டோ எடுங்கள். மாடிப்படியில் ரெண்டு டிரம் இறங்கிவிட்டால் கணக்கு மாறிவிடும்.

வேலை தொடங்கிய பிறகு ரத்து செய்வது வேறு கதை. மாடியில் பழைய பூச்சைச் சுரண்டிப் போட்டிருக்கும்போது நிறுத்தினால், வடகிழக்குப் பருவமழை முதல் மழையிலேயே முன்பைவிட மோசமாக ஒழுகும். அப்போது நிறுத்துவதற்கு முன் அடுத்த ஆளைப் பேசி வைத்திருக்க வேண்டும். டேப்பை விரித்து வைத்து ஒவ்வொரு பகுதியையும் போட்டோ எடுங்கள்: எவ்வளவு சுரண்டினார்கள், எத்தனை கோட் அடித்தார்கள், எத்தனை டிரம் காலி. நடந்த வேலைக்கு உரியதைக் கணக்குப் பார்த்துக் கொடுத்துவிட்டு மீதியைக் கேளுங்கள். முழுவதும் திருப்பிக் கேட்டால் பேச்சு அங்கேயே முறியும்.

15 நாள் கடந்தும் பணம் வரவில்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியுங்கள், தமிழிலேயே பேசலாம். அதிலும் நகராவிட்டால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், கம்பெனி கோயம்புத்தூரில் இருந்தாலும் சரி. திருவொற்றியூர், மாதவரம், மணலிக்காரர்கள் தங்கள் முகவரி எந்த எல்லைக்குள் வருகிறது என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். ஆர்டர் ஃபார்ம் நகல், பணம் போன சான்று, ரத்துக் கடிதம், தபால் ரசீது, டெலிவரிச் சான்று, சாட், ஒரு பிரமாணப் பத்திரம். இதற்குமேல் பெரிதாக ஒன்றும் கேட்பதில்லை. ஒன்றை மட்டும் பிரித்து வையுங்கள்: 'அட்வான்ஸைத் திருப்பித் தரவில்லை, சேவைக் குறைபாடு' என்றால் மாவட்ட ஆணையம். '50 சதவீதப் பிடித்தம் என்ற நிபந்தனையே நியாயமற்ற ஒப்பந்தம் என்று அறிவியுங்கள்' என்று கேட்டால் அது மாநில ஆணையத்தின் வேலை. இரண்டையும் ஒரே மனுவில் கலந்துவிட்டால் எல்லைப் பிரச்சினையிலேயே தேதிகள் போகும்.

பெரும்பாலும் வழக்கு எண் விழுந்ததும் கம்பெனியே சமாதானத்துக்கு வரும். ஒரு தாளை நீட்டி 'முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று கையெழுத்துக் கேட்பார்கள். கணக்கில் பணம் விழுந்த எஸ்எம்எஸ் வரும் வரை அதில் பேனா வைக்க வேண்டாம். விழுந்த பிறகு தொகை, தேதி, பரிவர்த்தனை எண் மூன்றையும் அதே தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். கொடுத்திருந்த செக் இலைகளைத் திருப்பி வாங்கி எண்ணிப் பாருங்கள், ஒரிஜினல் ஆர்டர் ஃபார்மின் குறுக்கே 'ரத்து' என்று எழுதி அவர்கள் சீலையும் வாங்குங்கள். காலிச் செக் ஒன்று அவர்கள் டிராயரில் தங்கிவிட்டால், ஆறு மாதம் கழித்து அதில் ஒரு தொகை ஏறி வங்கிக்கு வரும்.